வகுப்பு அறிவித்தலும் தமிழ்த் தொடரமைதியும்

திருகோணமலையிலிருந்து வடக்கே நிலாவெளியைக் கடந்து புல்மோட்டைக்குச் செல்லும் கரையோர வீதியிலே இறக்கக்கண்டி அமைந்துள்ளது. ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக அமைந்த இவ்வூரின் பெயர் தமிழிலேயே இருவகையாக எழுதப்படுகின்றது. இறக்கக்கண்டி என எழுதுவோரும் உளர். இறக்கண்டி என எழுதுவோரும் உளர். ஆங்கில எழுத்திலே அதற்கு இன்னும் சில வடிவங்கள் உண்டு. இலங்கையின் வீதிப் பலகைகள் மும்மொழியில் அமைய வேண்டியவை. அவற்றைச் சற்று நின்று நோக்குவோர் ஒரு வேறுபாட்டை எளிதிற் காணலாம். ஊர்ப்பெயர் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் செல்லும்போது எழுத்து மாறுகின்றது, சொல் மாறுவதில்லை. ‘மெதுவாகச் செல்க’ என்பது போன்ற ஏவலோ அவ்வம்மொழிக்குரிய சொல்லாலேயே எழுதப்படுகின்றது. பெயர் ஒலிபெயர்ப்புக்கு உரியது. ஏவல் மொழிபெயர்ப்புக்கு உரியது.

கணினிக்கென ஆக்கப்பட்ட மொழிகளிலும் இவ்விரு கூறுகள் உள. செய்நிரலை எழுதுபவர் தம் விருப்பப்படி இட்டுக்கொள்ளும் பெயர்கள் ஒருவகை. அவை குறிப்பெயர்கள் எனப்படும். மொழியை ஆக்கியோர் தமக்கென ஒதுக்கிவைத்து, பிறர் வேறு பொருளில் வழங்கலாகாது என விதித்த சொற்கள் மற்றொரு வகை. அவை சிறப்புச்சொற்கள் எனப்படும். பைதன் மொழியிலே இத்தகைய சிறப்புச்சொற்கள் முப்பத்தைந்து. ஜாவாவிலே ஏறத்தாழ ஐம்பது. அனைத்தும் ஆங்கிலச் சொற்கள். ஒரு மொழியின் அகராதி முழுவதும் ஐம்பது சொற்களில் அடங்குமாயின் அதனைத் தமிழாக்குவது ஒரு மாலைப்பொழுதில் முடியும் காரியம் என்று தோன்றலாம். அவ்வாறு தோன்றியமையே இத்துறையில் நிகழ்ந்த பல தவறுகளுக்கு மூலகாரணம். ஐம்பது சொற்களுக்கு ஐம்பது நிகரன்களைக் கண்டு பட்டியலிடுதல் அகராதிப் பணி. அச்சொற்கள் எந்த வரிசையில் நின்று எந்த உறவை உணர்த்துகின்றன என்று நோக்குதல் இலக்கணப் பணி. முதலாவது ஓரளவு நிகழ்ந்துள்ளது. இரண்டாவது மிக அருகியே நிகழ்ந்துள்ளது. ‘கிளாஸ்’ என்னும் ஒரு சொல்லையும் அதனைச் சூழ்ந்து நிற்கும் சிலவற்றையும் எடுத்துக்கொண்டு நோக்கினாலே இது புலனாகும்.

பொருள்நோக்குச் செய்நிரலாக்கத்தின் அடிப்படை வகுப்பும் பொருளும் ஆகும். இறக்கக்கண்டிக் கரையிலே இழுத்து வைக்கப்பட்டிருக்கும் கண்ணாடியிழை வள்ளங்களைக் கொண்டு இதனை விளக்கலாம். ஒவ்வொரு வள்ளத்துக்கும் தனிப் பதிவிலக்கம் உண்டு. தனி உரிமையாளர் உண்டு. ஒன்றின் இயந்திரம் பழுதுற்றால் மற்றொன்றின் இயந்திரம் பழுதுறுவதில்லை. இவை தனித்தனிப் பொருள்கள். ஆயினும் வள்ளம் எனப்படுவதற்கு இலக்கம் வேண்டும், நீளம் வேண்டும், இயந்திரம் வேண்டும், அது கடலில் இறங்கும், கரையேறும் என்றெல்லாம் பொதுவாக வரையறுத்துச் சொல்லலாம். அந்த வரையறையே வகுப்பு. அதனைச் செய்நிரலின் ஓரிடத்திலே முறைப்படி எழுதிவைத்தல் வகுப்பை அறிவித்தல் ஆகும். கலம் என்னும் பொதுவகுப்பு ஒன்று முன்னரே இருக்குமாயின், அதன் இயல்புகளைப் பெற்றுக்கொண்டு மேலதிக இயல்புகளைச் சேர்த்து வள்ளம் என்னும் வகுப்பை அறிவிக்கலாம். பாடநூல்கள் இவ்விடத்திலே பெரும்பாலும் மோட்டார்க் காரையும் வங்கிக் கணக்கையுமே எடுத்துக்காட்டாகத் தருகின்றன. கரையோர மாணவனுக்கு வள்ளம் நெருங்கியது என்பது மட்டுமன்று. உடைமை, வகை, பதிவு என்ற மூன்று வேறுபாடுகளையும் அது ஒருங்கே காட்டவல்லது.

இனி, இவ்வரையறைக்குத் தமிழில் வழங்கும் பெயரை நோக்கலாம். தமிழ்நாட்டு மேல்நிலை முதலாம் ஆண்டுக் கணினி அறிவியற் பாடநூல் ‘இனக்குழு’ என்ற சொல்லைக் கையாள்கிறது. வழித்தோன்றும் வகுப்பு அங்கே ‘தருவிக்கப்பட்ட இனக்குழு’ எனப்படுகிறது. மரபுரிமம், பல்லுருவாக்கம், ஆக்கி, அழிப்பி முதலிய சொற்களும் அந்நூலில் உள. இவற்றுள் ஆக்கி, அழிப்பி என்பவை நல்ல ஆக்கங்கள். தமிழின் பெயராக்க விகுதியைச் சிக்கனமாகப் பயன்படுத்தியவை. ஓதிய மாத்திரத்தே விளங்குபவை. இனக்குழு என்ற சொல்லை அவ்வாறு பாராட்ட இயலவில்லை. சமூகவியலிலும் பண்டைத் தமிழிலக்கிய ஆராய்ச்சியிலும் அது ஏற்கெனவே ஒரு கலைச்சொல். வேட்டையும் கால்நடையும் சார்ந்த தொன்மைச் சமுதாய அமைப்பைக் குறிக்க அது வழங்குகின்றது. ஈழத்திலோ இனக்குழு என்றதும் மக்களினப் பிரிவே நினைவுக்கு வருகின்றது. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் திருகோணமலை மாவட்டத்திலே, ‘ஓர் இனக்குழுவின் அந்தரங்க உறுப்பினரை மற்றோர் இனக்குழு அணுக முடியாது’ என்பது போன்ற வாக்கியம் ஒரு பாடநூலில் வருமாயின் மாணவன் கணினியைப் பற்றியா நினைப்பான்?

இச்சொல்லின் குறை இவ்வாறான தொடர்புணர்வுடன் முடிந்துவிடுவதன்று. குழு என்பது உறுப்பினர் சேர்ந்த தொகுதி. உறுப்பினர் இல்லையேற் குழு இல்லை. வகுப்போ அத்தகையதன்று. ஒரு வள்ளமேனும் ஆக்கப்படாதபோதும் வள்ளம் என்னும் வகுப்பு செய்நிரலில் இருக்கும். பொருள்களின் திரளை வகுப்பு எனக் கொள்ளும் மாணவன் முதற்படியிலேயே வழுவிவிடுகின்றான். அவ்வழுவுக்கு வழிகோலுவது அவனுக்குக் கற்பிக்கப்பட்ட சொல்லே.

‘வகுப்பு’ என்ற சொல்லும் சுமையற்றதன்று. பள்ளிக்கூட வகுப்பு முதலில் நினைவுக்கு வரும். வகுப்புவாதம் என்ற தொடரிலே அதற்குக் கசப்பான பொருளும் உண்டு. மேல்வகுப்பு என்று சொன்னாற் பெற்றோர் வகுப்பு என எவரும் கொள்ளார். அடுத்த ஆண்டு ஏறவேண்டிய வகுப்பு என்றே கொள்வர். எனினும் இச்சொல்லுக்குப் பின்னே ‘வகு’ என்னும் வினை உயிருடன் நிற்கின்றது. திட்டம் வகுத்தல், இலக்கணம் வகுத்தல், வியூகம் வகுத்தல் என்றெல்லாம் வழங்குகின்றது. வகுத்தல் பிரித்தல் மாத்திரமன்று. முன்கூட்டியே அமைப்பை நிறுவுதலும் ஆகும். பொருள் தோன்றுமுன் அதன் அமைப்பை நிறுவிவைப்பதே கணினியின் வகுப்பும். ஆதலின் தற்செயலாகவோ அறிந்தோ இச்சொல்லைத் தேர்ந்தவர்கள் ஆங்கிலச் சொல்லினும் பொருத்தமான ஒன்றைத் தேர்ந்துள்ளனர் எனலாம். ஆங்கிலச் சொல்லிலே பிரிவு என்ற பொருள் உண்டேயன்றி அமைத்தல் என்ற பொருள் இல்லை. தொல்காப்பியச் சார்புடையோர் ‘திணை’ என்ற சொல்லை விரும்பலாம், கேட்பதற்கு இனியதே. ஆனால் திணைகள் இலக்கணத்தால் எண்ணி முடிக்கப்பட்டவை. செய்நிரல் எழுதுபவர் நாள்தோறும் புதிய திணை படைப்பார் என்பது அச்சொல்லின் இயல்புக்கே மாறானது.

பொருத்தமான சொல் கிடைத்தவுடன் மொழிபெயர்ப்பு முடிந்துவிடுகிறதா என்பதே அடுத்த வினா. இவ்விடத்திலே கணினிமொழிகளுக்கு இடையே நிகழும் பெயர்ப்பு நல்ல பாடம் கற்பிக்கின்றது. சீ பிளஸ் பிளஸ், ஜாவா, சீ ஷார்ப், பைதன் ஆகிய நான்கிலும் ‘கிளாஸ்’ என்ற ஒரே சொல்லே வகுப்பை அறிவிக்கின்றது. சொல் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. சீ பிளஸ் பிளஸ்ஸிலே ஒரு வகுப்புக்குப் பெற்றோர் இல்லாதிருக்கலாம். பெற்றோர் பலர் இருக்கவும் கூடும். ஜாவாவிலே பெற்றோர் குறிப்பிடப்படாத வகுப்பும் எல்லாவற்றுக்கும் மூலமான ஒரு வகுப்பிலிருந்தே பிறக்கின்றது. ஒரு வகுப்புக்கு நேர்ப்பெற்றோர் ஒருவரே. பைதனிலே வகுப்பை அறிவித்தல் என்பதே ஒரு செயல். செய்நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அது நிகழ்கின்றது. ‘புரொட்டெக்டட்’ என்ற சொல் சீ பிளஸ் பிளஸ்ஸிலும் ஜாவாவிலும் உண்டு. முன்னதிலே அது வழித்தோன்றல்களுக்கு வாயிலைத் திறக்கின்றது; பின்னதிலே அதே பொதியைச் சார்ந்த அயல் வகுப்புகளுக்கும் திறக்கின்றது. ஆங்கிலச் சொல் மாறவில்லை என்பதை நம்பி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எழுத்துக்கெழுத்து பெயர்ப்பவர் வீட்டின் கதவை அயலவர்க்குத் திறந்துவைத்தவராவார்.

மறுபுறத்தே, சொல் மாறியும் பொருள் மாறாத இடங்கள் உள. மேலும் வழித்தோன்றல் கூடாது என்பதை ஜாவா ‘ஃபைனல்’ என்ற சொல்லாலும் சீ ஷார்ப் ‘சீல்டு’ என்ற சொல்லாலும் குறிக்கின்றன. பெற்றோர் வகுப்பைச் சுட்ட முன்னது ‘சூப்பர்’ என்பதையும் பின்னது ‘பேஸ்’ என்பதையும் கொள்கின்றன. இங்கே சொல்லுக்குச் சொல் மாற்றினாற் போதும். இவை எளிய இடங்கள். இவற்றைக் கடந்து, சொல்லே இல்லாத இடங்களும் உள. பெற்றோர் வகுப்பின் ஒரு செயலை வழித்தோன்றல் தன் முறைப்படி மாற்றிக்கொள்ளலாம் என்பது ஜாவாவிலே சொல்லாமலே பெறப்படும். சீ ஷார்ப்பிலே அதனை ‘வேர்ச்சுவல்’ என்ற சொல்லிட்டு வெளிப்படையாகக் கூறவேண்டும். ஜாவாவிலிருந்து சீ ஷார்ப்புக்குப் பெயர்ப்பவர் மூலத்தில் இல்லாத சொல்லைத் தம் பெயர்ப்பில் இடவேண்டியவராகின்றார். ஆங்கிலக் கதையைத் தமிழாக்குவோர் இந்நிலையை நன்கறிவர். மூலத்திலே முன்னிலைக்கு ஒரே சொல். தமிழிலே நீ, நீர், நீங்கள் என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தேயாக வேண்டும். மூலத்தின் மௌனத்தையும் பெயர்த்தல் மொழிபெயர்ப்பின் பகுதியே.

சொல்லினும் முக்கியமானது தொடரமைப்பு. வள்ளம் என்னும் வகுப்பைக் கலம் என்னும் வகுப்பின் வழியாக அறிவிக்கும் ஜாவாத் தொடரைத் தமிழெழுத்தில் எழுதினால் ‘கிளாஸ் வள்ளம் எக்ஸ்டென்ட்ஸ் கலம்’ என அமையும். இது ஓர் ஆங்கில வாக்கியம்: எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையில் நிற்கின்றது. சீ பிளஸ் பிளஸ்ஸிலும் சீ ஷார்ப்பிலும் வினைக்குப் பதிலாக ஒரு முக்காற்புள்ளி நிற்கின்றது. பைதனிலே பெற்றோரின் பெயர் அடைப்புக்குறிக்குள் செல்கின்றது. ஆக, ஆங்கில வரிசை வகுப்பின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. மொழிகளை ஆக்கியோரின் தெரிவிலிருந்து பிறந்தது.

இதற்கு வரலாறே சான்று. வகுப்பு என்னும் கருத்து நோர்வேயிலே தோன்றியது. ஒஸ்லோ நகரிலுள்ள நோர்வீஜியக் கணிப்பு நிலையத்திலே ஓலே-யோஹன் டாலும் கிறிஸ்டன் நைகோரும் ஆக்கிய சிமுலா 67 என்ற மொழியே அதனை முதன்முதல் நிறுவியது. டோனி ஹோர் 1960களின் நடுப்பகுதியிலே முன்வைத்த பதிவு வகுப்பு பற்றிய எண்ணம் அவர்களுக்குத் துணைநின்றது. தமது தாய்மொழி நோர்வீஜியமாயினும் அவ்விருவரும் ஆங்கிலச் சொற்களையே கொண்டனர். ஏனெனில் அவர்களுடைய மொழி அல்கோல் 60 என்பதன் மேல் எழுந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த பியார்ண ஸ்ட்ரவுஸ்ட்ரப் 1979ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் இக்கருத்தைச் சீ மொழியோடு இணைக்கத் தொடங்கினார். 1983இலே அது சீ பிளஸ் பிளஸ் எனப் பெயர்பெற்றது. இன்றைய மொழிகள் பலவற்றுக்கும் வகுப்பு வந்த வழி இதுவே. சிமுலாவிலே வழித்தோன்றும் வகுப்பை அறிவிக்கும் முறை கருத்தூன்றி நோக்கத்தக்கது. ‘கலம் கிளாஸ் வள்ளம்’ என்பதே அங்கு தொடர். பெற்றோரின் பெயர் முதலில், வகுப்பு என்னும் சொல் நடுவில், புதிய பெயர் இறுதியில். கலவகுப்பு வள்ளம் என்று வாசித்தால் தமிழுக்கு அந்நியமான எதுவும் இதில் இல்லை. அடை முன்னும் அடைகொளி பின்னுமாய் நிற்கும் தமிழ் மரபுக்கு, இத்துறையின் முதல் மொழி பின்வந்த மொழிகளினும் அணுக்கமானதாய் இருந்தது.

சிறப்புச்சொற்கள் ஆங்கிலமாகவே இருத்தல் வேண்டும் என்பதும் ஆதிமுதல் நிலவிய விதியன்று. அல்கோல் 60இன் அறிக்கை மொழியின் இலட்சிய வடிவத்தை அச்சுவடிவத்திலிருந்தும் பொறிவடிவத்திலிருந்தும் வேறுபடுத்தியது. தடித்த எழுத்தில் அச்சான சொற்கள் சொற்களல்ல, குறியீடுகளே என்பது அதன் நிலைப்பாடு. பின்வந்த அல்கோல் 68 ருஷ்யம், ஜேர்மன், பிரெஞ்சு, பல்கேரியம் முதலிய மொழிகளிலும் வெளியிடப்பட்டது.

தமிழிலே இம்முயற்சியின் குறிப்பிடத்தக்க பயன் ‘எழில்’ என்னும் மொழியாகும். முத்து அண்ணாமலை ஆக்கிய இம்மொழி பற்றிய ஆங்கில ஆய்வுக்கட்டுரை 2009இலே வெளிவந்தது. பைதனின் மேல் அமைந்த எழிலிலே சிறப்புச்சொற்கள் தமிழில் உள. நிபந்தனை முதலில் வந்து ‘ஆனால்’ என்ற சொல் பின்னர் வருவதும், மீள்செயலின் எல்லை முதலில் வந்து ‘வரை’ என்ற சொல் பின்னர் வருவதும் அதன் தலையாய சிறப்புகள். ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முன்னே நிற்கும். தமிழிலே அது வினையின் இறுதியில் ஒட்டும். இதனை உணர்ந்து வரிசையை மாற்றியவர் அகராதிப் பணியுடன் நின்றுவிடாது இலக்கணப் பணியிற் புகுந்தவராவார். அவ்வளவில் எழில் தமிழாக்க முயற்சிகளுக்கு முன்மாதிரி.

ஆனால் முழுவதும் அவ்வாறு அமையவில்லை. ‘ஆனால்’ என்பது இன்றைய வழக்கிலே பெரும்பாலும் எதிர்மறுத்து வரும் இணைப்புச்சொல். நிபந்தனைப் பொருளை இடம் நோக்கியே உணரவேண்டியுள்ளது. ‘ஆயின்’ என்றிருப்பின் மயக்கம் குறைந்திருக்கும். ‘இல்லைஆனால்’ என்ற சொல்லிலே இரு சொற்கள் உடம்படுமெய்யின்றி முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு விடையைத் திரும்பத் தருதலைக் குறிக்கும் ‘பின்கொடு’ என்பதை ஆங்கிலம் அறியாத தமிழர் எவ்வாறு விளங்கிக்கொள்வார் என்பது ஐயமே. திரையில் எழுத்தைக் காட்டுதற்குப் ‘பதிப்பி’ என்ற சொல் வைக்கப்பட்டுள்ளது. தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் ஏடு தேடி அலைந்து செய்த பணிக்குரிய சொல் இங்கே ஒரு வரியை அச்சிடும் ஏவலாயிற்று. தமிழ்த்துறை மாணவர் ஒருகணம் புன்னகைப்பர். இவை சிறு குறைகள். பெரிய குறை வேறு. எழில் நிரல்பாகங்களை அடிப்படையாகக் கொண்ட மொழி. அதன் சிறப்புச்சொற்களிடையே வகுப்பை அறிவிக்கும் சொல் இடம்பெறவில்லை. ஆகவே வகுப்பு அறிவித்தலின் தமிழ்த் தொடர் எவ்வாறு அமையும் என்ற வினா எஞ்சி நிற்கின்றது.

அத்தொடரை அமைக்க முற்படுவோர் உடனே எதிர்கொள்ளும் இடர் வேற்றுமை. கலத்தின் வழிவந்தது வள்ளம் என்பது நல்ல தமிழ். ஆனால் ‘கலம்’ என்ற பெயர் அங்கே ‘கலத்து’ எனத் திரிந்துவிட்டது. மனிதர் இரண்டும் ஒன்றே என அறிவர். பொறி அறியாது. அது குறிப்பெயர்களை எழுத்துக்கெழுத்து ஒப்புநோக்குவது; ஓர் எழுத்து மாறினும் வேறு பெயர் எனக் கொள்ளும். ஆங்கிலப் பெயர் வேற்றுமையேற்று இவ்வாறு திரிவதில்லை. ஆதலின் ஆங்கிலச் சொல்வரிசையில் இவ்விடர் எழவில்லை. தமிழ்ச் சிறப்புச்சொற்களை ஆங்கில வரிசையிலேயே வைத்துவிட்டு அமைதியடைந்தவர்கள் உண்மையில் இவ்விடரைத் தவிர்க்கவே அவ்வாறு செய்தனர் போலும்.

தமிழ் இதற்கு விடையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வைத்திருக்கின்றது. உரையாசிரியர் மூலத்தின் ஒரு சொல்லை எடுத்து விளக்கும்போது அச்சொல்லைத் திரிக்காமல் அப்படியே நிறுத்தி, ‘என்பது’ என்ற சொல்லை அதன்பின் வைப்பர். வேற்றுமை முழுவதையும் ‘என்பது’ தாங்கிக்கொள்கின்றது; எடுத்த சொல் உருச்சிதையாது நிற்கின்றது. ‘என்னும்’ என்ற பெயரெச்சமும் அவ்வாறே. ‘கலம் என்பதன் வழி வள்ளம் என்னும் வகுப்பு’ என எழுதினால் இரு குறிப்பெயர்களும் எழுவாய் வடிவிலே நிற்கின்றன, உறவு தெளிவாகின்றது, வரிசை தமிழுக்குரியது, புணர்ச்சியால் எழுத்து மறைவதும் இல்லை. ‘என்பதன் வழி’, ‘என்னும் வகுப்பு’ ஆகிய இரண்டும் சிறப்புத்தொடர்களாகிப் பொறிக்கு அடையாளம் காட்டும். இத்தொடரை வாய்விட்டு வாசித்தால் ஓர் இலக்கண நூலின் நூற்பாவுரை போல ஒலிக்கின்றது, அது குறையன்று. வரையறை கூறும் மொழி அவ்வாறு ஒலிப்பதே முறை.

இதனினும் இனியது ‘தன்’ என்ற சொல். ஒரு வகுப்பின் உள்ளே எழுதப்படும் செயலிலே, எந்தப் பொருள் அச்செயலைச் செய்கின்றதோ அப்பொருளைச் சுட்ட ஒரு சொல் தேவை. வள்ளம் கரையேறும்போது தன் இயந்திரத்தை நிறுத்துகின்றது. அயல் வள்ளத்தின் இயந்திரத்தையன்று. சீ பிளஸ் பிளஸ்ஸும் ஜாவாவும் இதற்கு ‘திஸ்’ என்ற சுட்டைக் கொண்டன. சிமுலாவிலும் அச்சொல்லே உண்டு. ஸ்மோல்டோக் என்ற மொழி ‘செல்ஃப்’ என்றது. பைதனிலும் அதுவே வழக்கு. தமிழாக்குவோர் கைக்கு உடனே எட்டுவது ‘இது’ என்னும் சொல். அகராதிப்படி அது சரியே. ஆயினும் ‘இது’ என்பது பேசுபவர் தமக்கு அண்மையில் உள்ளதைச் சுட்டுவது. அதற்கு வெளியே நின்று விரல் நீட்டும் ஒருவர் வேண்டும். செய்நிரலிலே அவ்வாறான ஒருவர் இல்லை. செய்யும் பொருளே தன்னைக் குறிக்கின்றது. தமிழில் அதற்கென்றே ‘தான்’ உள்ளது. படர்க்கைக்கு உரியது, இருதிணைக்கும் பொதுவாய் நிற்பது, தொடரின் எழுவாயையே மீண்டும் சுட்டுவது. தேற்றப்பொருளில் வரும் ‘தான்’ என்பதோடு மயங்காதிருக்க, வேற்றுமையேற்கும் ‘தன்’ என்ற வடிவைக் கொள்ளலாம். புள்ளியிட்டு இயல்பைக் குறிக்கும் கணினி வழக்கிலே ‘தன்.இலக்கம்’ என எழுதினால், புள்ளியைப் பாராமல் வாசிப்பவர்க்கும் அது ‘தன் இலக்கம்’ என்றே கேட்கும். ஆங்கிலத்திலே அப்புள்ளியை ஆறாம் வேற்றுமையாக மனத்தில் மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது. தமிழில் மாற்றவேண்டியதே இல்லை.

இது வெறுங்கற்பனையன்று. பைதனிலே ‘செல்ஃப்’ சிறப்புச்சொற்களுள் அடங்குவதன்று. வழக்கினால் வந்த குறிப்பெயரே. 2008ஆம் ஆண்டிலே வெளிவந்த பைதன் மூன்றாம் பதிப்பு முதலாகக் குறிப்பெயர்களைத் தமிழெழுத்தில் இடலாம். ஆகவே எந்தப் புதுமொழியும் ஆக்கப்படாமலே, இன்று நிறுவப்பட்டிருக்கும் கணினியிலே ‘தன்’ என்ற சொல் வேலை செய்யும். கரையோரப் பாடசாலையொன்றின் மாணவர் தம் வள்ளத்தின் இலக்கத்தைத் ‘தன்.இலக்கம்’ என எழுதுவதற்குத் தடையாக நிற்பது பொறியன்று.

சொல்லைத் தேடுவோர் ஈழத்துச் சட்டமரபையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். ஒல்லாந்தர் காலத்தில், 1707இலே தொகுக்கப்பட்ட தேசவழமை, ஒருவர் பெற்றோர் வழியே அடைந்த முதுசத்தையும் தாமே ஈட்டிய தேடியதேட்டத்தையும் வேறுபடுத்துகின்றது. பெற்றோர் வகுப்பிலிருந்து வந்த இயல்பையும் வழித்தோன்றல் தானே அறிவித்துக்கொண்ட இயல்பையும் வேறுபடுத்த இதனினும் நறுக்கான சொல்லிணை எங்கே கிடைக்கும்? தேசவழமை யாழ்ப்பாணத்துக்குரியது, திருகோணமலைக்கு உரியதன்று என்ற தடை உண்டு. சொற்களுக்கு மாகாண எல்லை இல்லை. ஆயினும் வகுப்பிடத்தே பெற்றோர் எதனையும் இழப்பதில்லை என்பதையும், முதுசம் கைமாறும் பொருள் என்பதையும் மறத்தலாகாது. அவ்வளவில் இவ்வுவமை வழுவுடையதே. மரபுரிமம் என்ற சொல்லுக்கும் அவ்வழு உண்டு.

சிறப்புச்சொற்களைத் தமிழாக்குவதால் ஆவதென்ன, அவை வெறுங் குறியீடுகளே என்போர் உளர். அவர் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. முப்பத்தைந்து சொற்களை மனப்பாடம் செய்தல் எந்த மாணவனுக்கும் அரிதன்று. தமிழ்ச் சொல்லால் எழுதிய செய்நிரலைக் கொழும்பிலும் சென்னையிலும் உள்ள சக பணியாளர் வாசிக்க இயலாதே என்றும் அவர் வினவுவர். அதற்கு விடை உண்டு. சிறப்புச்சொற்களும் அவற்றின் இடமும் வரையறுக்கப்பட்டவையாதலின் பொறியே அவற்றை ஒருமொழியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிடலாம். மாற்ற முடியாதவை எழுதியவர் இட்ட பெயர்களும் அவர் கருத்துமே. ஆனால் இவ்விவாதத்தின் உயிர்நிலை கல்வியில் இருக்கின்றது. இலங்கையிலே உயர்தர மாணவன் தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியலைத் தமிழ்மொழி மூலம் கற்று, பைதனிலே செய்நிரல் எழுதப் பழகுகின்றான். அவன் இறக்கக்கண்டியைச் சேர்ந்தவனாயின், சற்றுத் தெற்கே கோணேசபுரியிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கின்றது. அங்கு கணினி விஞ்ஞானம் ஆங்கிலத்திலே கற்பிக்கப்படுகின்றது. பாடசாலைக்கும் வளாகத்துக்கும் இடையே தூரம் சிறிது. மொழியின் தூரம் பெரிது.

அவன் கையோடு எடுத்துச் செல்வது எது? அவன் பாடநூலைத் திறந்தால் செய்நிரல் முழுவதும் ஆங்கிலத்தில் நிற்க, அதைச் சூழ்ந்து தமிழ் விளக்கம் நிற்கின்றது. தமிழ்நாட்டு நூலிலும் நிலைமை இதுவே. மூலம் ஆங்கிலம், தமிழ் அதற்கு உரை. தமிழ்க் கல்வியுலகம் உரைமரபைத் தாழ்வாக எண்ணும் உலகமன்று. உரையாலே நூல்கள் வாழ்ந்தன. ஆனால் உரை உரையாக இருத்தல் வேண்டும். ‘எக்ஸ்டென்ட்ஸ்’ என்பதற்கு ‘நீட்டிக்கிறது’ என்றும் ‘திஸ்’ என்பதற்கு ‘இது’ என்றும் அருஞ்சொற்பொருள் எழுதி, வள்ளம் கலத்தை நீட்டிக்கிறது என்று முடிப்பது உரையாகாது. கலம் என்பதன் வழி வள்ளம் என்னும் வகுப்பு என்று தொடரை விரித்துக் கூறிய ஆசிரியரிடம் கற்றவன் கோணேசபுரிக்குச் செல்லும்போது சொற்களை விட்டுச் செல்லலாம். உறவை விட்டுச் செல்லான். சிமுலாவின் வரிசை, ஜாவாவின் வரிசை, பைதனின் அடைப்புக்குறி எல்லாம் அவ்வுறவை எழுதும் பல முறைகள் என்பதை அவன் விரைவில் காண்பான். இனக்குழு என்று கற்றவனோ முதலில் அத்திரளைக் கலைக்கவேண்டும்.

இனிப் பெயர்கள். குறிப்பெயர்களைத் தமிழில் இடலாம் என்று கூறுவது எளிது. இறக்கக்கண்டி என ஓரிடத்திலும் இறக்கண்டி என வேறோரிடத்திலும் எழுதினால் பொறிக்கு அவை ஈரூர்கள். இஃது எழுதுவோர் கவனத்தால் தீரக்கூடியது. கண்ணுக்கே புலப்படாத வேறுபாடும் ஒன்று உண்டு. யுனிகோட் முறையிலே ‘கோ’ என்ற எழுத்தைக் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் ஆக்கலாம். ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் ஆக்கலாம். திரையிலே இரண்டும் ஒன்றாகவே தோன்றும். பைதன் குறிப்பெயர்களை ஒருமுகப்படுத்திய பின்னரே ஒப்புநோக்குவதாதலின் இரண்டையும் ஒரே பெயராகக் கொள்கின்றது. ஜாவா அவ்வாறு செய்வதில்லை. கோணேசபுரி என்னும் குறிப்பெயரை ஒருவர் ஒருமுறையிலும் மற்றவர் மறுமுறையிலும் தட்டச்சிட்டால், ஜாவா அவற்றை இரு வேறு பெயர்களாகவே கொள்ளும். இரண்டையும் அருகருகே வைத்து எத்தனை முறை வாசித்தாலும் வேறுபாடு கண்ணிற் படாது.